டியூப் எடுத்த பிறகு

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் பேசிப் பாருங்கள். பயாப்ஸி, ஸ்கேன், தியேட்டர், பில் எல்லாவற்றைப் பற்றியும் விலாவாரியாகச் சொல்வார்கள். டியூப் எடுத்த நாள் என்று வரும்போது மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் என்று சிறுநீர்க் குழாய்க்குள் இருந்த டியூபை நர்ஸ் உருவி எடுத்துவிட்டு, "எழுந்து நடங்க ஐயா" என்கிறார். கட்டிலை விட்டு எழுந்து நின்றதும் தொடை வழியாகச் சூடாக வழிகிறது. நிறுத்தப் பார்த்தால் நிற்கவில்லை. பக்கத்தில் மகன் நிற்கிறான், மருமகள் நிற்கிறாள். புற்றுநோய் என்று கேட்டபோதுகூடக் கலங்காதவர் அங்கே கலங்கிப்போவார்.

"இப்படி ஆகும்னு யாரும் சொல்லலையே" என்பதுதான் பலருடைய ஆதங்கம். ஆபரேஷனுக்கு முன்பு கையெழுத்து வாங்கிய தாளில் அந்த வரி இருந்திருக்கும். ஆனால் நோய் முற்றுமா, பரவுமா என்ற பயத்தில் இருக்கும் மனிதருக்கு அந்த வரி கண்ணில் படாது. அதனால் இப்போது நிதானமாக உட்கார்ந்து பேசுவோம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கும் இந்த விஷயத்தில் ஒரு பங்கு இருக்கிறது, அதையும் இடையில் சொல்கிறேன்.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கசிவு பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைந்துவிடும். குறையாதவர்களுக்கு வைத்தியம் இருக்கிறது. பல வருடங்களாகச் செய்து பார்த்து நிலைபெற்ற வைத்தியம். இது தெரியாமல், வேட்டிக்குள் பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு ஐந்து வருடம், எட்டு வருடம் என்று ஓட்டுகிறவர்களை நினைத்தால்தான் மனசு வலிக்கிறது.

ஏன் ஒழுகுகிறது என்று புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே இருக்கிறது. பையிலிருந்து வெளியே வரும் சிறுநீர்க் குழாய் அந்தச் சுரப்பியின் நடுவே புகுந்துதான் கீழே இறங்குகிறது. சிறுநீரைப் பிடித்து வைக்க ஆண்களுக்கு இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. மேலே உள்ளது பையின் கழுத்தில், சுரப்பிக்கு மேல்பக்கம் இருக்கிறது. அது நம்மைக் கேட்காமல் தானாகவே மூடியிருக்கும்; தூங்கும்போதும், பேசும்போதும், பாரம் தூக்கும்போதும் வேலை பார்க்கும். கீழே உள்ளது சுரப்பிக்கு அடிப்பக்கம், நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. பஸ் நிற்கும் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அப்போது நாம் இறுக்குவது இந்தக் கீழ்த்தசையை.

புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுசாக எடுக்கும்போது மேல்தசையின் பெரும்பகுதியும் அதனுடன் போய்விடுகிறது. பையைக் கீழே இழுத்து, மிச்சமிருக்கும் குழாயோடு வைத்துத் தைக்கிறார்கள். அதுவரை இரண்டு பேர் பார்த்த வேலையை இனி கீழ்த்தசை ஒன்றே பார்க்க வேண்டும். அதுவும் ஆபரேஷனில் கசங்கி, நரம்புகள் இழுபட்டு, வீங்கிக் கிடக்கிற நேரத்தில். டாக்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஆரம்ப வாரங்களில் ஓரளவு கசிவு வரத்தான் செய்யும். ரோபோ ஆபரேஷன் என்றாலும் இது மாறாது.

இந்த ஆபரேஷனை 1904இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் நோயிலிருந்து தப்பினால் போதும் என்ற நிலைதான். ரத்தம் கொட்டும், கசிவு நிற்காது, தாம்பத்தியம் முடிந்துபோகும். அதே மருத்துவமனையில் 1982இல் பேட்ரிக் வால்ஷ் செய்த ஆபரேஷன் இதை மாற்றியது. அதற்கு முந்தைய வருடம் அவர் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயிருந்தபோது, ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரோடு சேர்ந்து தாம்பத்தியத்துக்கு வேண்டிய மெல்லிய நரம்புகள் எந்த வழியாகப் போகின்றன என்று தேடிக் கண்டுபிடித்திருந்தார். நரம்பு போகும் பாதை தெரிந்ததால் அதைத் தொடாமல் சுரப்பியை எடுக்க முடிந்தது. ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் வழியையும் அவர் கண்டுபிடித்திருந்ததால், கீழ்த்தசையைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்ற முடிந்தது. இன்றைக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் கல்யாண வீட்டுப் பந்தியில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அனைவரும் அந்த வேலையின் பலனை அனுபவிக்கிறவர்கள்.

புற்றுநோய் இல்லாமல் வெறும் வீக்கத்துக்காகச் செய்யும் ஆபரேஷன் வேறு. நம் ஊரில் "லேசர்ல எடுத்தாங்க", "சுரண்டி எடுத்தாங்க" என்று சொல்வது அதைத்தான். அதில் சுரப்பியின் உள்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள், கீழ்த்தசையைத் தொடுவதில்லை. பிறகு சில வாரங்கள் அவசரமும் எரிச்சலும் கொஞ்சம் கசிவும் இருக்கலாம், தானாகவே அடங்கிவிடும். கீழ்த்தசையே கெட்டுப்போய் நிரந்தரமாக ஒழுகுவது அரிது, நூறில் ஒருவர் என்ற அளவுதான். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் லேசர் செய்து பத்து நாளில் சரியாகிவிட்டார் என்று உங்களை அவரோடு ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள். அவருக்கு நடந்தது வேறு, உங்களுக்கு நடந்தது வேறு.

இனி, உங்களுக்கு வருவது எந்தக் கசிவு என்று பார்க்க வேண்டும். எல்லாக் கசிவும் ஒன்றல்ல. வைத்தியம் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால், தண்ணீர்க் குடம் தூக்கினால் வருகிறதா? அது அழுத்தக் கசிவு. வயிற்றின் அழுத்தத்தைத் தசையால் தாங்க முடியவில்லை. சுரப்பியை முழுசாக எடுத்தவர்களுக்கு முக்கியமாக வருவது இதுதான். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ராத்திரி படுத்திருக்கும்போது காய்ந்திருக்கும், காலையில் சுமாராக இருக்கும், சாயங்காலம் ஆக ஆக அதிகமாகும். தசை களைத்துப்போவதால் அப்படி. தேறும்போதும் ராத்திரிக் கசிவுதான் முதலில் நிற்கும். படுக்கை நனையவில்லை என்றால் நீங்கள் சரியான வழியில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் வாசலை அடைவதற்குள் போய்விடுகிறதா? அது அவசரக் கசிவு. இங்கே தொந்தரவு தருவது தசை அல்ல, பை. பை தன்னிஷ்டத்துக்குச் சுருங்குகிறது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைக் கவனிக்காமல் விடக்கூடாது. தாரை நூல் மாதிரி மெலிந்துகொண்டே வருகிறது, முக்க வேண்டியிருக்கிறது, போய்விட்டு வந்த பிறகும் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கிறது என்றால், தைத்த இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். பை நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். இதற்கு எத்தனை மாதம் உடற்பயிற்சி செய்தாலும் பலனில்லை. அடைப்பைத் திறக்க வேண்டும். சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒரு சாதாரண ஸ்கேனில் தெரிந்துவிடும். காய்ச்சலோ கடுப்போ இருந்தால் கிருமித் தொற்றா என்று சிறுநீர்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது "ரொம்பப் போகுது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். கசிவின் அளவை அறிய இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரமும் மாற்றிய பேடுகளை எல்லாம் ஒரு கவரில் கட்டி வைத்து எடை போடுங்கள். அதே எண்ணிக்கையில் புது பேடின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. மிச்சம் 50 கிராமா, 500 கிராமா என்பதை வைத்துத்தான் பின்னால் எந்த ஆபரேஷன் பொருந்தும் என்று யோசிப்பார்கள். "ஒரு நாளைக்கு மூணு பேட்" என்பது சரியான கணக்கு ஆகாது. ஒருவர் இரண்டு சொட்டுக்கே மாற்றுவார், இன்னொருவர் ஊறிப்போகும் வரை வைத்திருப்பார்.

சரி, இப்போது பயிற்சி. இதை அவசரப்படாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

இடுப்புக் கூட்டின் அடித்தளத்தில் உள்ள தசைகளை இறுக்கிப் பழகும் முறையை 1948இல் அமெரிக்காவில் ஆர்னால்டு கீகல் என்ற மகளிர் நோய் மருத்துவர் எழுதினார். பிரசவத்துக்குப் பிறகு கசிவு வந்த பெண்களுக்காக அவர் சொன்னது அது. பிறகு ஆண்களுக்கும் வந்தது. ஆனால் ஆண்களுக்குச் சொல்லும்போது "ஆசனவாயை இறுக்குங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பின்பக்கத் தசைதான் அதிகமாக வேலை செய்யும், நமக்கு வேண்டியது முன்பக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்து, எந்தத் தசை அசைகிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். "ஆண்குறியை உள்ளே இழுத்துச் சின்னதாக்குங்கள்" என்று சொன்னபோதுதான் சிறுநீர்க் குழாயைச் சுற்றிய சுருக்குத்தசை நன்றாக வேலை செய்தது. மார்கழி விடியலில் ஆற்றில் இறங்குகிறோம், தண்ணீர் தொடைக்கு மேல் ஏறும்போது உடம்பு தானாகச் சட்டென்று உள்ளிழுத்துக்கொள்கிறதே, அந்த இழுப்புதான் இது. யோகா பழகியவர்களுக்கு மூலபந்தம் நினைவுக்கு வரும். அவர்களும் இழுப்பை முன்பக்கம் கொண்டுவரப் பழக வேண்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு, உடையில்லாமல் கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள். சரியாகச் செய்தால் குறியின் அடிப்பகுதி உள்வாங்கும், விரைகள் லேசாக மேலே ஏறும். பிட்டம் இறுகக்கூடாது. தொடைகள் நெருங்கக்கூடாது. வயிறு எக்கக்கூடாது. மூச்சு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் மூச்சைப் பிடிக்க முடியாது, அது நல்ல உத்தி. பலமாக இறுக்க வேண்டியதில்லை. பாதிப் பலத்தில் சரியான தசையை இழுப்பது, முழுப் பலத்தில் தவறான தசையை இறுக்குவதைவிட மேல். ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே நேரம் தளர விட வேண்டும். தளர விடுவதும் பயிற்சிதான். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சில வாரங்களில் பத்து எண்ணும் வரை பிடிக்க முடியும். முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. கடைசியில் வேலையின் நடுவே: நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்பு இழுத்துக்கொண்டு எழுவது, தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் இழுத்துக்கொண்டு தும்முவது. பலன் வீட்டுக்குள் தெரிய ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். டியூப் உள்ளே இருக்கும்போது செய்யாதீர்கள். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். தசை எது என்று கண்டுபிடிக்க ஓரிரு முறை பார்க்கலாம், வழக்கமாக்கினால் பை முழுசாகக் காலியாவதில் சிக்கல் வரும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டு இதைப் படிக்கிறவராக இருந்தால், இன்றே தொடங்கிவிடுங்கள். வலியும் வீக்கமும் வருவதற்கு முன்பே தசையைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது பெரிய சௌகரியம்.

பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டனில் பெரிய ஆய்வு ஒன்று செய்து 2011இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாகியும் கசிவு உள்ளவர்களில் ஒரு பாதிப் பேருக்கு நிபுணர் தனித்தனியாக உட்கார்ந்து பயிற்சி சொல்லிக் கொடுத்தார், மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பும் பயிற்சிக் குறிப்பும் மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், சுரப்பியை முழுசாக எடுத்தவர்களில் முதல் அணியில் 76 சதவீதம் பேருக்கும் இரண்டாம் அணியில் 77 சதவீதம் பேருக்கும் ஏதோ ஓர் அளவில் கசிவு இருந்தது. எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். எப்போதாவது ஒரு சொட்டு வந்தாலும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யுங்கள், அது தேறுவதை விரைவுபடுத்த உதவலாம்; மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கொடுத்தால்தான் தேறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தசையைத் தூண்டுவதாகச் சொல்லும் காந்த நாற்காலி போன்றவற்றுக்கும் இதையே சொல்வேன்.

இப்போது டீ. டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், பையையும் கிளறிவிடும். அவசரக் கசிவு உள்ளவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. நாலு டம்ளரை இரண்டாக்குங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேண்டாம். ஆனால் ஒழுகுகிறதே என்று பயந்து தண்ணீரையே குறைத்துக்கொள்வது தப்பு. சிறுநீர் கெட்டியாகிப் பையை எரிச்சல்படுத்தும், தோல் புண்ணாகும், மலச்சிக்கல் வரும். முக்கினால் அந்தத் தசைக்குத்தான் அடி. நம் ஊர் வெயிலுக்குச் சிறுநீர் இளமஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தே ஆக வேண்டும்.

மாத்திரைச் சீட்டையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். பி.பி.க்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். சுகருக்கு இப்போது பலரும் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன, அதனால் சிறுநீரும் அதிகமாகும். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து அது, நீங்களாக நிறுத்தக்கூடாது. வேளையை மாற்றலாமா, வேறு மருந்து உண்டா என்று கேட்பதில் தவறில்லை. புகை பிடித்து இருமிக்கொண்டே இருப்பவர்கள் இருமலை நிறுத்தாமல் கசிவை நிறுத்த முடியாது.

அவசரக் கசிவுக்கு மருந்து நன்றாகவே வேலை செய்யும். சோலிஃபெனசின், மிராபெக்ரான் போன்றவை பையைச் சாந்தப்படுத்தும். முதல் வகையில் வாய் உலரும், மலம் கட்டும். ஆக்ஸிபியூட்டினின் என்ற பழைய மருந்து வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும் என்பதால் எழுபது தாண்டியவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. மருந்து கேட்காத பைக்கு போடாக்ஸ் ஊசி உண்டு. அழுத்தக் கசிவுக்கு இவை உதவாது. அதற்கு டுலோக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சில டாக்டர்கள் தருவதுண்டு. கசிவு கொஞ்சம் குறையும், ஆனால் குமட்டலும் அசதியும் பலரைப் பாதியில் நிறுத்த வைத்துவிடும்.

தேறும் வரை நாளை ஓட்ட வேண்டுமே. பேடில் ஆண்களுக்கென்றே முன்பக்கம் அகலமாக வருகிறது, கசிவு குறைவாக இருந்தால் முழு டயபர் தேவையில்லை. நனைந்ததும் மாற்றி, தண்ணீரில் கழுவி, ஈரம் போக ஒற்றி, தேங்காய் எண்ணெயோ துத்தநாகக் களிம்போ தடவினால் தோல் புண்ணாகாது. வெளியூர்ப் பயணத்துக்குக் காண்டம் டியூபும் காலில் கட்டும் பையும் வசதி. குறியின் மேல் மாட்டும் கிளிப் ஒன்று இருக்கிறது. கல்யாணம், கச்சேரி என்று இரண்டு மணி நேரத்துக்கு நல்ல துணை. ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை கழற்ற வேண்டும், தூங்கும்போது போடவே கூடாது. அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் மறதி உள்ளவர்களுக்கும் ஆகாது.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு? ஆரம்பத்தில், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்தான் வேகமாகத் தேறும். பிறகு மெதுவாக, ஒரு வருடம் வரை. அதற்குப் பிறகு தானாகத் தேறுவது சொற்பம். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பயிற்சிக்குப் பிறகும் தொந்தரவாக இருக்கும் அழுத்தக் கசிவு ஆறு மாதத்தில் முன்னேற்றம் காட்டவில்லை என்றால் அப்போதே ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம், ஒரு வருடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் ஆபரேஷன் உண்டு என்று நோயாளிக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வருடம் பொறுப்பது நியாயம். மூன்றாவது வருடமும் "போகப்போகச் சரியாயிடும்" என்று கேட்டுக்கொண்டிருப்பதில் நியாயமில்லை.

என்ன ஆபரேஷன்? முக்கியமாக இரண்டு. கசிவு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்து, ரேடியேஷன் வாங்காதவராக இருந்தால், விரைப்பைக்குப் பின்னால் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஒரு வலைப்பட்டையை வைத்து, இரு பக்கத் தொடை இடுக்கு வழியாக இழுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். ஸ்லிங் என்பார்கள். வைத்த பிறகு நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஆறு வாரம் குத்துக்காலிட்டு உட்காரவும் பாரம் தூக்கவும் கூடாது, பட்டை நகர்ந்துவிடும். வீட்டில் நம் ஊர்க் கழிப்பறை மட்டும் இருந்தால் அந்த ஆறு வாரத்துக்கு நாற்காலிக் கழிப்பறைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கசிவு அதிகம் என்றால் செயற்கைச் சுருக்குத்தசை. 1970களின் தொடக்கத்தில் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட்டும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கியது; 1980களில் வந்த ஏ.எம்.எஸ். 800 என்ற வடிவம்தான் இன்றும் முன்னணியில் இருக்கிறது. மூன்று பாகங்கள், எல்லாமே உடம்புக்குள். சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, அடிவயிற்றில் ஒரு சிறு பலூன், விரைப்பைக்குள் ஒரு பம்ப். மூன்றையும் மெல்லிய குழாய் இணைக்கும், உள்ளே திரவம். சாதாரணமாகப் பட்டை நிரம்பிக் குழாயை அழுத்தி மூடியிருக்கும். சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் விரைப்பைத் தோலுக்கு மேலிருந்தே பம்பைச் சில முறை அமுக்க வேண்டும். பட்டையில் உள்ள திரவம் பலூனுக்குப் போகும், குழாய் திறக்கும். போய் முடித்து உடையைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள், இரண்டு மூன்று நிமிடத்தில், திரவம் தானாகத் திரும்பி வந்து பட்டை மூடிக்கொள்ளும். வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆபரேஷன் முடிந்ததும் இது இயங்காது. புண் ஆற வேண்டுமென்று ஆறு வாரம் நிறுத்தி வைத்திருப்பார்கள், அதுவரை பழையபடிதான் ஒழுகும். இது தெரியாமல் "இதுவும் தோத்துப்போச்சு" என்று மனம் உடைந்தவர்கள் உண்டு. விரல்களில் பம்பை அமுக்கும் வலுவும், அமுக்க வேண்டும் என்ற நினைவும் இருக்க வேண்டும். கிருமித் தொற்று வந்தால், பட்டை குழாயை அரித்தால், எடுக்க வேண்டிவரும். பத்து வருடத்துக்குள் பலருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படுகிறது. விலை பல லட்சம் ரூபாய். காப்பீட்டில் வருமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 380 ஆண்களை வைத்து இரண்டு ஆபரேஷன்களையும் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். இரண்டு அணியிலும் கசிவு நன்றாகக் குறைந்தது, சில அளவுகோல்களில் செயற்கைத் தசை சற்று மேலே நின்றது. ஆனால் துளிகூட வராத நிலை இரண்டிலுமே சிலருக்குத்தான் கிடைத்தது. ஊறிப்போன டயபரிலிருந்து ஒரு சின்ன பேடுக்கு வருவதை நான் பெரிய வெற்றி என்றே சொல்வேன். ஆபரேஷனுக்குப் போகிறவர் அந்த எதிர்பார்ப்போடு போக வேண்டும்.

செயற்கைத் தசை வைத்தவர்களும் அவர்கள் வீட்டாரும் மறக்கக்கூடாத ஒன்று: எந்த மருத்துவமனையிலும், எந்த அவசரத்திலும், சிறுநீர் டியூப் போடுவதற்கு முன்பு பட்டையைத் திறந்து நிறுத்தி வைக்க வேண்டும். தெரியாமல் டியூபைத் தள்ளினால் குழாயே கிழியலாம். மயக்கத்தில் இருப்பவரால் சொல்ல முடியாது. ஆகவே ஆதார் அட்டையோடு, செயற்கைத் தசை இருப்பதைச் சொல்லும் இன்னோர் அட்டையும் பர்ஸில் இருக்கட்டும், வீட்டில் இரண்டு பேருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

வீட்டார் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. கசிவு வந்தவர்கள் முதலில் கோயிலை விட்டுவிடுகிறார்கள். சுத்தமில்லாமல் எப்படிப் போவது என்று வாசலோடு நின்றுவிடுகிறார்கள். தொழுகைக்கு நிற்கத் தயங்குகிறவர்களும் உண்டு. இடைவிடாத கசிவு உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளு செய்துகொண்டு தொழலாம். பிறகு கல்யாண வீடு, பஸ், பேரன் பள்ளி விழா என்று ஒவ்வொன்றாகக் குறையும். மனைவியிடமிருந்தும் விலகிப் படுப்பார்கள். நெருக்கத்தின்போது கொஞ்சம் சிறுநீர் வருவது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் நடப்பது. முன்பே போய்விட்டு வந்தால் குறையும், அது யாருக்கும் கெடுதல் செய்யாது. மனைவிக்கு இவையெல்லாம் முன்பே தெரியும். துணியைத் துவைப்பவர் அவர்தானே. அவர் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே பேசுங்கள்.

அடுத்த ரிவியூவுக்குப் போகும்போது பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு மூன்று நாள் நோட்டையும் பேடின் எடையையும் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் பி.எஸ்.ஏ. அளவைப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு, வாங்க" என்று எழுந்துவிடுவதற்குள் நோட்டை மேஜை மேல் வையுங்கள். வருடம் தாண்டியிருந்தால், ஸ்லிங்கும் செயற்கைத் தசையும் வைத்துப் பழகிய யூராலஜிஸ்ட் யார் என்று கேளுங்கள். "வயசாச்சு, பழகிக்கோங்க" என்று பதில் வந்தால், தயவுசெய்து இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.